எங்கள் வீதி மேட்டுக்கு ஒரு வயது

1

நாளை எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டுக்கு ஒரு வயது நிறைகிறது. பிள்ளைகள் அதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம் என்று காலையிலிருந்து தங்களுக்கே அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாவிலை கிடைக்காத குளிர்ப் பிரதேசம் இது. கைக்கு வந்த இலையைக் கோத்துத் தோரணம் என்று கட்டியாயிற்று. சர்க்கரைப் பொங்கல் வைக்கலாமா, சுண்டல் போதுமா என்று பெண்களுக்குள் ஒரு சண்டையும் நடந்து முடிந்தது.

லால்குடியில் இருக்கும் என் தம்பிக்கு இதை எழுதினால் அக்காவுக்குக் குளிரில் மூளை விறைத்துவிட்டது என்றுதான் நினைப்பான். "தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாய், கொடைக்கானல் மாதிரி இருக்கும், கொடுத்து வைத்தவள்" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறவன் அவன். அவனைப் போல ஊரிலிருந்து எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்காக இந்த மேட்டின் கதையை எழுதி வைக்கிறேன்.

நான் இந்தத் தோட்டத்தின் மருத்துவச்சி. திருச்சியில் படித்துத் தேறியவள். கல்யாணமாகி, தனுஷ்கோடியில் கப்பலேறி, 1948-ல் இங்கே வந்து சேர்ந்தேன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம். நான் கொண்டுவந்த பெட்டியைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கி முடிப்பதற்குள் தோட்டத்துச் சனங்களின் குடியுரிமை போயிற்று. பின்னாலேயே அவர்களுடைய ஓட்டும் போயிற்று. "மருமக வந்த ராசி" என்று என் மாமியார் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலிலிருந்தே குடியுரிமை கிடையாது. கடவுச்சீட்டில் "தற்காலிக வதிவு" என்று ஒரு முத்திரை உண்டு. காலம் முடியும்போது போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷமாகத் தற்காலிகமாகத்தான் இருக்கிறேன்.

என் கணவர் தேயிலை ஆலையில் கிளாக்கர். பெட்டிகளை எண்ணி, லொறியில் ஏற்றி, றொசல்ல ரயில் நிலையத்துக்கு அனுப்பி வைப்பது அவர் பொறுப்பு. (லாரியை இங்கே லொறி என்பார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன். தம்பி திருத்தித் திருத்திக் களைத்துவிட்டான்.) ஆலை மேலே இருக்கிறது, ரயில் நிலையம் கீழே இருக்கிறது. நடுவில் சரிவான ஒரு வளைவில் எங்களைப் போன்ற உத்தியோகஸ்தர்களின் வீட்டு வரிசை. வீதிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2

போன வருஷம் ஒரு நாள் காலை. பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. நான் அடுப்பில் கத்தரிக்கோலையும் இடுக்கியையும் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் வசந்தா, ஒன்பது வயது, சாப்பாட்டுத் தகர டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "வர்றேம்மா" என்று வாசலில் இறங்கினாள்.

வளைவுக்கு மேலே லொறியின் ஹாரன் கேட்டது. அது எப்போதும் கேட்கிற சத்தம்தான். அதற்குப் பிறகு பிரேக் போடும் சத்தம் கேட்டது. அது எப்போதும் கேட்கிற சத்தமில்லை.

நான் ஓடிப் போனபோது லொறி வீதியில் குறுக்காக நின்றது. வசந்தா பள்ளிக்கூட வேலியோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கை கால் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எலும்பு முறிவு பார்க்கிற முறையெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைக்கு எந்த முறையும் ஞாபகம் வரவில்லை. ஒரே முழங்காலைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தேன்.

"எங்கடி வலிக்குது? சொல்லு, எங்க வலிக்குது?"

"வலிக்கல. தோச!" என்று கையை நீட்டினாள்.

லொறியின் சக்கரத்துக்குப் பின்னால் டப்பா கிடந்தது. அப்பளம் மாதிரி தட்டையாக. ஓரத்தில் சட்னி பிதுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் வீதி நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். லயத்தில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளுக்கு இங்கே அதுதான் பெயர்) பாதிப் பிள்ளைகளை இந்தக் கையால்தான் எடுத்தேன். பிரசவம் சிக்கலாகிப் பெண்ணின் தாயே மயங்கி விழுந்த வீடுகளில்கூட நான் நின்றிருக்கிறேன். அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது.

லொறிச் சாரதி பியசேன இறங்கி வந்தார். சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார், 'அம்மா'வை மட்டும் சிங்களத்தில் 'நோனா' என்பார். அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"ஐயோ நோனா! புள்ள பனிக்குள்ள நின்னது தெரியல நோனா!"

"தெரியாத இடத்துல எதுக்குய்யா இவ்வளவு வேகமா வர்றீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார். "நான் என்னா செய்ய நோனா? நம்ம மாத்தயா தான் நேரத்துக்குப் பெட்டி ஏத்தித் தர மாட்டேங்குறாரு. ஏத்திட்டு, 'ரயில் போயிரும், ஓடு ஓடு'ன்னு பின்னாலேயே கத்துறாரு."

மாத்தயா, அதாவது ஐயா, என்று அவர் சொன்னது என் கணவரை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது தட்டில் சோற்றுக்குப் பதில் அந்தத் தட்டையான டப்பாவை வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நான் வசந்தாவைக் கையைப் பிடித்துத்தான் வீதியைக் கடக்க வைத்தேன். பள்ளிக்கூடம் எதிரே இருக்கிறது. வாசலில் நின்று பெயரைச் சொன்னால் ஆசிரியருக்குக் கேட்கும். இருந்தாலும் பிடித்துக்கொண்டுதான் போனேன். பிரசவத்துக்குப் போக வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டம்மாவிடம் கையை ஒப்படைத்துவிட்டுப் போவேன். "எனக்கு ஒம்பது வயசாச்சும்மா" என்பாள் அவள். ராத்திரியில் நான் தூங்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

3

வீதியின் குறுக்கே ஒரு மேடு போட்டால் லொறி தானாக மெதுவாகப் போகும். இது எனக்குத் தோன்றிய யோசனை. மிகச் சிறிய யோசனை என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஊரில் இதற்கெல்லாம் யாரும் மனுப் போட்டதில்லை. லால்குடியில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் என்றால் தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். பஸ் வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னைக்கு முகூர்த்தம்?" என்று விசாரித்துவிட்டு அடுத்த தெரு வழியாகப் போகும். பந்தல் இல்லாத நாளில் நடுத்தெருவில் மாடுகள் படுத்திருக்கும். வேகமாகப் போக வேண்டும் என்று அங்கே யாரும் ஆசைப்பட்டதே இல்லை.

இங்கே முதலில் தோட்டத்துத் துரையிடம் போக வேண்டும். என் கணவர் ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினார். "தங்களின் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்" என்ற கடைசி வரியை முதலில் எழுதி, பிறகு மேலே போனார். அவருக்கு அந்த வரிதான் தைரியம்.

துரை வெள்ளைக்காரர். தமிழ் தெரியும். ஆனால் வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழ். அவர் வாயில் எல்லா வாக்கியமும் கட்டளையாகத்தான் வரும், எல்லோரும் "நீ" தான். விண்ணப்பத்தைப் படித்துவிட்டுச் சொன்னார்:

"ரோடு நல்லா வைக்க நான் வருஷம் வருஷம் செலவு பண்றது. நீ மேடு கேக்கிறது. இந்த ரோடு எங்க ரோடு இல்லே. கிராமச் சங்கம் ரோடு. அங்கே போ."

கிராமச் சங்கத்துக் காரியாலயத்தில் இப்போது எல்லாம் சிங்களத்தில். பிரசவம் பார்த்த சிங்களப் பெண்களிடமிருந்து பொறுக்கிய சிங்களம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அதை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மேட்டுக்கு என்ன சொல் என்று தெரியவில்லை. மலைக்கு உள்ள சொல் தெரியும். வீதியில் ஒரு மலை வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

அங்கிருந்த லிகிதர் (குமாஸ்தாவுக்கு இங்கே அதுதான் பெயர்) ஜன்னலைத் திறந்து வெளியே காட்டினார். நாலாபக்கமும் மலை.

"இவ்வளவும் போதாதா உங்களுக்கு?" என்று தமிழில் கேட்டார். நல்ல மனிதர். தேநீர்கூடக் கொடுத்தார். பிறகு என் விவரமெல்லாம் கேட்டு, பேனாவை மூடி வைத்தார்.

"அம்மா, உங்களுக்கு ஓட்டு இல்லையே."

"இல்லை."

"அந்த வரிசையில வேற யாருக்காவது?"

"இல்லை. லயத்துலயும் இல்லை."

"ஓட்டு இல்லாத வீதிக்குச் சங்க அங்கத்தவர் எப்பிடிம்மா பணம் கேப்பாரு?"

"லொறி ஓட்டு இருக்கிறவங்களைப் பார்த்துத்தான் இடிக்குமா?"

அவர் சிரித்தார். ஆனால் பேனாவைத் திறக்கவில்லை. எப்படியும் அந்த வீதி அரசாங்கப் பொது வேலைப் பகுதிக்குச் சொந்தமானது என்று சொல்லி, ஓவர்சியரின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

ஓவர்சியரை ஹற்றன் டவுனுக்குப் போய்ப் பிடித்தேன். அவர் கையேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வீதியில பள்ளம் இருந்தா மூடுவேன். மேடு இருந்தா வெட்டுவேன். மேடு போடச் சொல்லி இது வரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லையேம்மா. எந்தத் தலைப்புல எழுதுறது?"

"பிள்ளைகள் பாதுகாப்புன்னு எழுதுங்க."

"அப்பிடி ஒரு தலைப்பு இல்ல." கையேட்டை இன்னொரு தடவை புரட்டினார். பிறகு மகிழ்ச்சியாக நிமிர்ந்தார். "அது தோட்டத்து ரோடு. தொர கிட்டப் போங்க."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கு நாடில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. இப்போது வீதிக்கும் ஆளில்லை. நல்ல பொருத்தம்தான்.

4

தோட்டத்துத் தலைமைக் கங்காணி ராமையா. ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்து மேய்க்கிறவர். அவருடைய பேரன் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். மருந்து வாங்க வந்தவர் என் கதையைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"நர்ஸம்மா, நீங்க எதுக்கு இப்பிடி ஆபீஸு ஆபீஸா அலையிறீங்க? நம்ம கிட்ட மம்பட்டி இருக்கு, மண்ணு இருக்கு, ஞாயித்துக்கெழம இருக்கு."

"தொரைக்குத் தெரிஞ்சா?"

"அவருதான் அவரு ரோடு இல்லேன்னுட்டாருல்ல? அப்புறம் என்னா?"

இதைவிடச் சரியான சட்ட விளக்கத்தை நான் எந்தக் காரியாலயத்திலும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தார்கள். ஆண்கள் மண்ணைப் போட்டு மிதித்தார்கள். பிள்ளைகள் மிதித்த இடத்தைத் தோண்டினார்கள். என் கணவர் வீட்டுக்குள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, "போதும், போதும், ரொம்ப ஒசரம்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குள் வீதியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் முதலையின் முதுகு மாதிரி ஒரு மேடு படுத்துக்கிடந்தது. எல்லோரும் நின்று பார்த்தோம். அழகாகவே இருந்தது.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் சனங்கள் ஒரு கோழிக்கூண்டு கட்டினால்கூடப் பூசை போடாமல் கோழியை விடமாட்டார்கள். அதுவும் பிள்ளைகள் நடக்கிற இடம். கண் பட்டிருக்கும். லொறிக்கும் கண் பட்டிருக்கும். இதைச் சொன்னது கங்காணி இல்லை, நான்தான். உடலுக்குள் என்ன எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து படித்தவள். தட்டையான டப்பாவைப் பார்த்த நாளிலிருந்து அந்தப் படிப்பு எனக்கு ஒத்தாசை செய்யவில்லை.

குங்குமம் நானே வாங்கினேன். பூசணிக்காயை வெட்டி, உள்ளே குங்குமம் தடவி, வசந்தாவையும் மற்றப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சுற்றி, மேட்டின் நடுவில் போட்டு உடைத்தோம். நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமத்தில் தோய்த்து வைத்தோம். இரண்டு பக்கமும் வேப்பிலைக்குப் பதில் கிடைத்த இலை. மூட்டமான அந்தி வெளிச்சத்தில் சிவப்பாக, ஈரமாக, பார்க்கவே நெஞ்சு நிறைந்தது.

அன்றுதான் பல நாளுக்குப் பிறகு தூங்கினேன்.

5

திங்கட்கிழமை காலை லொறி வந்தது. தேயிலைப் பெட்டிகளோடு, வழக்கம்போல வேகமாக, வழக்கம்போல ரயிலுக்கு நேரமாகி. வளைவில் திரும்பியதும் மேட்டைக் கண்டு மெதுவானது. நான் வாசலில் நின்று மனசுக்குள் கைதட்டினேன்.

லொறி இன்னும் மெதுவானது. நின்றது. நின்றுவிட்டது.

பியசேன கீழே இறங்கினார். மேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்தார். அறுத்த எலுமிச்சை. குங்குமம். உடைந்த பூசணி.

"நோனா," என்றார், குரலைத் தாழ்த்தி. "இது யாருக்கு வச்சது?"

"யாருக்கும் வைக்கலையே. மேட்டுக்கு வச்சோம்."

"மேட்டுக்கு யாராவது கழிப்பு வைப்பாங்களா? இதத் தாண்டுனா தாண்டுறவனுக்குத்தானே புடிக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருஷ்டி கழித்துப் போட்டதைத் தாண்டக்கூடாது. அறுத்த எலுமிச்சையைக் கண்டால் ஒதுங்கிப் போக வேண்டும் என்று வசந்தாவுக்கே நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒதுங்கிப் போக வழியில்லாதபடி, வீதி முழுவதும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அதைப் பரப்பி வைத்திருக்கிறோம்.

"ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன், வாங்க."

"என் சம்சாரம் முழுகாம இருக்கு நோனா. நீங்கதானே பாக்குறீங்க? நீங்களே சொல்லுங்க, நான் தாண்டலாமா?"

கீழே றொசல்லப் பக்கம் ரயில் ஊதியது. மேலேயிருந்து என் கணவர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ரயில் போச்சு, ரயில் போச்சு!" என்றார். லொறியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு லொறியின் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

கீழேயிருந்து துரையின் கறுப்புக் கார் வந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"என்ன லொறி நிக்கிறது?"

அதற்குள் லயத்துச் சனங்களோடு வந்து கூடிவிட்ட கங்காணி விஷயத்தைச் சொன்னார். துரை மேட்டைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தார்.

"மடையன்," என்றார். "பாரு. ஒண்ணும் இல்லே."

காரைப் பின்னால் எடுத்தார். எங்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக, வேகமாகவே வந்தார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கார் மேட்டில் ஏறியது, வயிறு உரசியது, இறங்கி லொறியை ஒட்டி நின்றது. காருக்குப் பின்னால் ஒரு நீளக் குழாய் மேட்டின் மேலேயே கிடந்தது. காரிலிருந்து சிங்கம் உறுமுகிற மாதிரி ஓசை வந்தது. சைலன்சர் கழன்று விழுந்துவிட்டது.

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பியசேனவும் போட்டுக்கொண்டார்.

துரை இறங்கினார். முகம் குங்குமத்தைவிடச் சிவப்பு. "இதை வெட்டு. இப்போ வெட்டு."

யாரும் அசையவில்லை. கங்காணி தலையைச் சொறிந்தார்.

"தொர, கோவிச்சுக்காதீங்க. ஆளுங்க மம்பட்டிய எடுக்க மாட்டேங்குறாங்க. தொரையோட காருக்கே இந்தக் கதின்னா, எங்க காலு கையி என்னாத்துக்கு ஆவும்?"

துரை என் பக்கம் திரும்பினார். "மருத்துவச்சி. நீ வச்சது?"

"ஆமாங்க தொர."

"நீ எடு. சாயந்தரம் மேடு இருந்தா, நாளைக்கு நீயும் உன் புருஷனும் கீழ் டிவிஷன் போ."

தோட்டத்தின் கீழ்ப் பிரிவான அங்கே பள்ளிக்கூடம் இல்லை. வசந்தாவை எங்கேயாவது விடுதியில் விட வேண்டும். லொறியின் நிழலிலிருந்து என் கணவர், "எடுத்துருவோம் சரசு, எடுத்துருவோம்" என்றார். ஒரு மம்பட்டி என் காலடியில்தான் கிடந்தது.

நான் வீட்டுக்குள் போனேன். மம்பட்டி பிடிக்கச் சேலையை இழுத்துச் செருகப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். ஆனால் அடுக்களை அலமாரியில் டப்பா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து துரையின் கையில் கொடுத்தேன். எந்தக் காரியாலயத்திலும் நான் அதைக் காட்டவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டுதான் அலைந்தேன். வெளியே எடுத்தால் அழுதுவிடுவேன் என்ற பயம்.

"இது என்னா?"

"என் பொண்ணோட சோத்து டப்பாங்க தொர. லொறி ஏறுனது. அவ கையில இருந்துச்சு."

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் சீமையில் விடுதியில் படிக்கிறார்கள். பார்த்துப் பல வருஷமாகிறது என்று பங்களாச் சமையல்காரர் சொல்லியிருக்கிறார். துரை டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். கார் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

"எலுமிச்சை எடு. பூசணி எடு," என்றார் கடைசியில். "மேடு கொஞ்சம் சின்னது பண்ணு. டெம்பரரி. ஒரு வருஷம். அப்புறம் பாக்கிறது."

ஆக, மேட்டுக்கும் எனக்கும் ஒரே அந்தஸ்து கிடைத்தது. தற்காலிக வதிவு.

வைத்த கைதான் எடுக்க வேண்டும் என்பதால் நானே எல்லாவற்றையும் கூடையில் அள்ளி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினேன். கர்ப்பூரம் கொளுத்தினேன். அப்போதும் பியசேனவுக்கு மனசு வரவில்லை.

"நோனா முன்னால நடந்தீங்கன்னா நான் பின்னால வருவேன்."

தேருக்கு முன்னால் போகிறவள் மாதிரி நான் மேட்டின் மேல் ஏறி நடந்தேன். பின்னாலேயே லொறி, முதல் கியரில், பெட்டிகள் குலுங்காமல், அங்குலம் அங்குலமாக வந்தது. லயமே நின்று வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து அந்த இடத்தில் அவர் அந்த வேகத்தைத் தாண்டியதில்லை. என் கணவரும் பெட்டிகளை நேரத்துக்கு ஏற்றப் பழகிக்கொண்டார்.

துரையின் காருக்குச் சாமான் கொழும்பிலிருந்து வர வெகுநாள் ஆயிற்று. அது வரைக்கும் அவர் எந்த மலையில் வந்தாலும் தோட்டம் முழுவதும் முன்கூட்டியே கேட்டது. அந்த நாட்களைப் பொற்காலம் என்று கங்காணி இன்றைக்கும் சொல்கிறார்.

மேட்டினால் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. லொறி மெதுவாகப் போவதால் வசந்தாவுக்கும் பியசேனவுக்கும் பேச நேரம் கிடைத்துவிட்டது. பிறந்த அவர் குழந்தையைப் பற்றி, ரயிலைப் பற்றி, எதையெதையோ சிங்களத்தில் கேட்கிறாள், சிரிக்கிறாள். எனக்குப் பாதி புரிவதில்லை. "என்னடி சொன்னாரு?" என்றால், "தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதும்மா" என்கிறாள். லால்குடிக்கு அழைத்துப் போனபோது மூன்றாம் நாளே வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, வீட்டுக்கு எப்ப போறோம்?" என்று கேட்டவள் அவள். "இதுதாண்டி வீடு" என்று என் தம்பி சிரித்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் விசிறியைத் தேடுகிற மாதிரி எழுந்து போய்விட்டேன்.

6

இவ்வளவையும் நேற்று எழுதி வைத்தேன். இன்று நடந்ததையும் சேர்த்து விடுகிறேன்.

ஒரு வருஷம் முடிந்தது. துரை என்ன சொல்லப் போகிறாரோ என்று வீட்டு வரிசை முழுவதும் கதவிடுக்கில் நின்றது. கறுப்புக் கார் வந்தது. மேட்டுக்கு முன்னால் நன்றாகவே மெதுவாகி, மேலே ஏறி, அங்கேயே நின்றது. துரை கண்ணாடியை இறக்கினார்.

"என்னா இது, வெள்ளை?"

வசந்தாதான் என் கையைப் பிடித்தபடியே சொன்னாள்.

"பொறந்த நாளுங்க தொர."

"எத்தனை வயசு?"

"ஒண்ணு."

"ம்," என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

விடியுமுன் பெட்டிகளை ஏற்றிவிட்டுச் சாப்பிட இறங்கி வந்திருந்த என் கணவரிடம் திரும்பினேன். "இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமான்னு கேட்டிருக்கலாமேங்க?"

"கேட்டா பதில் சொல்லிருவாரு," என்றார் அவர்.

சரிதான். இந்த நாட்டில் எங்களில் பாதிப் பேர் அப்படிக் கேட்காமல்தான் இருந்துகொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூட மணி அடித்தது. வசந்தா புது டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அம்மா, கைய விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாத்தா பாக்கட்டும்."

"மேடு இருக்குல்லம்மா? மேடு எதுக்கு அப்புறம்?"

மேலே வளைவில் ஹாரன் கேட்டது. என் பிடி வழக்கம்போல இறுகியது. மேடு எதற்கு அப்புறம்? நான் ஓட்டு இல்லாமல் மூன்று காரியாலயம் ஏறி இறங்கியது எதற்கு?

விரல் ஒவ்வொன்றாக விட்டேன்.

அவள் ஓடவில்லை. சுண்ணாம்பு காலில் ஒட்டாமல் மேட்டைச் சுற்றிக்கொண்டு, நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. லொறி பெட்டிகளோடு மெதுவாக ஏறி இறங்கியது. பியசேன வீதியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.

"போயிட்டா நோனா! அந்தப் பக்கம் போயிட்டா! மூச்சு விடுங்க!"

லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் பியசேன சொன்னதற்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது பக்கத்திலிருந்து என் கணவரின் குரல் மிகவும் பணிவாகக் கேட்டது.

"சரசு, கைய விடறியா? ஆபீசுக்கு நேரமாச்சு."